வளையல் இல்லாத கை

“ஏம்மா, சாமியை ரெண்டு கையையும் தூக்கித்தான் கும்பிடணும்னா, கை இல்லாதவுக என்ன செய்வாக?”

கவிப்ரியா இதைக் கேட்டபோது அவளுக்கு ஐந்து வயது. தை அமாவாசைக் கூட்டத்தில், இராமேஸ்வரம் கோயில் பிரகாரத்து வரிசையில், அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். முன்னால் நின்ற ஒரு பெரியவர்கூடத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். “வாயை மூடிக்கிட்டுக் கும்புடுடி. சாமி பாத்துக்கிரும்” என்று சொல்லிவிட்டு அம்மா பூமயில் தன் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினாள். அப்போது இரண்டும் தூக்க வந்தன.

பன்னிரண்டு வருசம் கழித்து, இராமநாதபுரத்தில் ஜெராக்ஸ் கடை மாடியில் இருந்த வக்கீல் ஹமீது சுல்தானின் அறையில், அந்தக் கேள்வி பூமயிலுக்குத் திரும்ப வந்தது.

வக்கீல் மேசையின் மேல் ஒரு படத்தை வைத்தார். “தங்கச்சி, இது யாரு?”

பூமயில் குனிந்து பார்த்தாள். அவள்தான். தலையில் முளைப்பாரி, முழ உயரத்துக்கு வளர்ந்து நிற்கிறது. இடது கை பானையின் ஒரு பக்கத்தைப் பிடித்திருக்கிறது. மறுபக்கத்தை ஒரு வலது கை பிடித்திருக்கிறது.

“நாந்தேன் வக்கீலய்யா. போன வருசத்துக்கு முந்தின ஆவணித் திருவிழா. நேர்த்திக்கடன்.”

“உங்க ஊரு இளவட்டம் எவனோ செல்போன்ல எடுத்துப் போட்டிருக்கான். இன்சூரன்ஸ்காரன் அதைத் தேடிப் புடிச்சுட்டான். வலது கை தோளுக்கு மேல தூக்க வராதுன்னு நாம வழக்குப் போட்டிருக்கோம். நாப்பத்தஞ்சு சதவீத ஊனம்னு டாக்டருங்க சர்ட்டிபிகேட் கொடுத்திருக்காங்க. விபத்து நடந்து அஞ்சாவது மாசம் நீ கையைத் தூக்கிக்கிட்டு ஊர்வலம் போயிருக்கே. நான் ஜட்ஜம்மாகிட்ட என்னம்மா சொல்றது?”

கூட வந்திருந்த அவள் புருசன் ராக்கப்பன் வாயைத் திறந்தான். பூமயில் அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் மூடிக்கொண்டான்.

உச்சிப்புளிக்குத் தெற்கே நொச்சிவலசை அவர்கள் ஊர். மழை பெய்தால் மிளகாய், பெய்யாவிட்டால் கருவேல மரம் வெட்டிக் கரி சுடுவது. அந்தத் திருவிழாவுக்கு முந்தின பங்குனியில் மிளகாய்ப் பழம் பறித்துவிட்டு மெயின்ரோட்டு ஓரத்தில் பஸ்ஸுக்கு நின்றவளை, இராமேஸ்வரத்தில் விடிய விடியச் சாமி கும்பிட்டுவிட்டுத் தூங்காமல் வண்டி ஓட்டி வந்த ஒருவனின் கார் வந்து அடித்தது. மதுரை ஆஸ்பத்திரியில் ஆறு நாள் நினைவில்லை. அந்த ஆறு நாளில் ராக்கப்பன் ஆஸ்பத்திரி வாசல் வேப்பமரத்தடியில் நின்று, தங்கள் குலதெய்வத்திடம் ஒரு வார்த்தை கொடுத்துவிட்டான். “அரியநாச்சி ஆத்தா, அவ உசுரைக் குடு. அவ தலையிலயே உனக்குப் பாரி தூக்க வைக்கிறேன்.”

ஆத்தா உயிரைக் கொடுத்தாள். தோள் எலும்பும் கூடியது. ஆனால் கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் நரம்பு அறுந்ததில் கை தூக்க மறந்துவிட்டது. விரல்கள் மடங்கும், விரியும். கையில் ஒன்றைக் கொடுத்தால் பிடித்துக்கொள்ளும். கொண்டுபோய் ஓரிடத்தில் வைக்க வராது. கொண்டை போட வராது. சோற்றை அள்ளினால் வாய்க்கு எட்டாது. இடது கையால் சாப்பிடுவதை நாலு பேர் பார்க்கக் கூடாது என்று, எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவாள்.

இராமநாதபுரத்தில் டாக்டர்கள் குழு கையை அளந்து பார்த்த நாள் ஒன்று உண்டு. “முடிஞ்ச மட்டும் தூக்கும்மா” என்றார் டாக்டர். பெரிய மனிதர் கேட்கிறாரே என்று பல்லைக் கடித்து, கண்ணில் தண்ணீர் வர, இயன்றதற்கு மேலேயும் தூக்கினாள். சர்ட்டிபிகேட் வந்ததும் முகம் வாடிப்போனது.

“நாப்பத்தஞ்சுதானாடி கவி? இன்னங் கொஞ்சம் தூக்கியிருக்கணும்.”

“ஆத்தி! அது மார்க்கு இல்லம்மா. எம்புட்டுக் கெட்டுப்போச்சுன்னு கணக்கு. நீ நல்லாத் தூக்கத் தூக்க நம்பரு குறையும்.”

“அப்ப முடியாதுன்னு நடிக்கணுமா? நமக்கு எதுக்குடி அந்தப் பாவம்.”

கவிப்ரியா சிரித்தாள். ஆனால் விபத்துக்குப் பிறகு அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. பிளஸ் ஒன் முடித்த பிள்ளை, அம்மாவின் அரிவாளை எடுத்துக்கொண்டு கருவேலங்காட்டுக்குப் போனாள். “கேஸ் முடியட்டும், திரும்பப் போறேன்” என்று டீச்சரிடம் சொல்லியிருந்தாள். யூனிபாரத்தைத் துவைத்து மடித்து ட்ரங்குப் பெட்டியில் வைத்திருந்தாள். கேஸ் தோற்றால் அது பெட்டியிலேயே இருக்கும். பூமயிலுக்கு அது தெரியும்.

வக்கீல் அறையிலிருந்து வீடு வந்து சேர்ந்ததும் ராக்கப்பன் பிடித்துக்கொண்டான். கவி அடுப்பில் சாளைக்கருவாட்டுக் குழம்பு கொதிக்க வைத்திருந்தாள்.

“ஏண்டி, அது யாரு கைன்னு உனக்குத் தெரியாதா? எனக்குத் தெரியாதா? சொல்லிட்டுப் போவியா, அதை விட்டுட்டு…”

“சொன்னா?”

“சொன்னா கேஸ் செயிக்கும்.”

“பஞ்சம்மா மதினி தோக்கும்.”

ராக்கப்பன் வாசலைப் பார்த்து உட்கார்ந்தான்.

பஞ்சம்மாள் அடுத்த தெரு. பூமயிலைவிட மூன்று வயது மூத்தவள். அவள் புருசன் கூத்தையா பூமயிலுக்கு அண்ணன் முறை, மஞ்சள்காமாலையில் இறந்து நாலு வருசம். இரண்டு பேரும் ஒரே கரிமூட்டத்தில் வேலை செய்தவர்கள். அந்த ஆவணித் திருவிழாவில் பூமயில் பாரி எடுத்த அன்று, வலது கையை முந்தானைக்குள் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, இடது கையை மட்டும் நம்பி நடந்தாள். வேண்டுதல் அவள் தலைக்கு என்பதால் வேறு யாரும் சுமக்க முடியாது. வேப்பமரத்து வளைவில், கொட்டுச் சத்தத்துக்கும் குலவைச் சத்தத்துக்கும் நடுவில், பானை ஒரு பக்கமாகச் சரிந்தது. பாரி கீழே விழுந்தால் ஊருக்கே ஆகாது. பூமயில் கண்ணை மூடினாள். அந்த நேரம் பின்னாலிருந்து ஒரு கை வந்து பானையைப் பிடித்தது.

“நட. திரும்பிப் பாக்காம நட” என்றது குரல்.

ஓரத்தில் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பஞ்சம்மாள். தாலி அறுத்தவள் முளைப்பாரியைத் தொடக் கூடாது என்பது நொச்சிவலசையின் வழக்கம். வளர்ந்த பயிரின் மறைவில் அவள் முகம் யாருக்கும் தெரியவில்லை. ஊரணிக்கரை வரைக்கும் பிடித்துக்கொண்டே வந்து, அங்கே கூட்டத்தில் கரைந்துபோனாள். அன்றைக்கு ராத்திரி பூமயில் புருசனிடம் மட்டும் சொன்னாள். பஞ்சம்மாளும் பூமயிலும் தங்களுக்குள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அடுத்து வந்த தை மாதம், காலமில்லாத காலத்தில் மூன்று நாள் மழை கொட்டி, பழுத்து நின்ற மிளகாய் முழுதும் செடியிலேயே அழுகியது. கொல்லைக்குக் கொல்லை நாற்றம். “முளைப்பாரியில ஏதோ குத்தம் நடந்திருக்கு. எவளோ தீட்டோட தொட்டிருக்கா” என்று அமுதவள்ளி குழாயடியில் சொன்னாள். பாரி வளர்க்கும் வீடு அவளுடையது. அவள் சொன்னால் ஊர் கேட்கும்.

“இப்பப் போயி இன்னாருன்னு சொன்னா, மழை பேஞ்ச பழியும் அது தலையில விழும்” என்றாள் பூமயில். “நம்ம புள்ளை படிக்கிறதுக்காக அதை ஊரு வாயில தள்ளணுமா? தொட்டது எனக்காக.”

“அப்ப நீ கோர்ட்டுல பொய் சொல்லப் போறியா?”

“பொய்யும் சொல்ல மாட்டேன்.”

“பொய்யும் சொல்ல மாட்டே, நெசமும் சொல்ல மாட்டே. வாய்ல கொழுக்கட்டையா வச்சுக்கிட்டு நிக்கப் போறே?”

“சோத்தைப் போடுடி கவி, உங்கய்யாவுக்குப் பசி” என்றாள் பூமயில்.

வைகாசி வெயிலில் விசாரணை நடந்தது. கோர்ட்டு வராண்டாவில் மின்விசிறி கிடையாது. கேஸ்காரர்கள் தினத்தாளால் விசிறிக்கொண்டிருந்தார்கள். இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் பிரபு இளம் வயதுக்காரர். குரலை உயர்த்தாமல், மரியாதையாகவே கேட்டார்.

“இந்தப் படத்துல இருக்கிறது நீங்கதானேம்மா?”

“ஆமாங்கய்யா.”

“தலையில என்ன?”

“முளைப்பாரிங்க. ஆத்தாளுக்கு நேந்துக்கிட்டது.”

“எவ்வளவு கனம் இருக்கும்?”

“பானை, மண்ணு, எரு, தண்ணி குடிச்ச பயிரு… ஒரு தவலைத் தண்ணி கனம் இருக்கும்.”

“அதைத் தூக்கிட்டு எவ்வளவு தூரம் நடந்தீங்க?”

“கோயில்ல இருந்து ஊரணி மட்டும்.”

“பானையைப் பிடிச்சிருக்கிற இந்த வலது கை யாரோடது?”

பூமயில் நீதிபதியம்மாவைப் பார்த்தாள். கண்ணாடி போட்ட, களைத்த முகம். பின்வரிசையில் கவி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

“அது… எங்க ஆத்தா கைங்கய்யா.”

யாரோ சிரித்தார்கள். பிரபுவும் லேசாகச் சிரித்தார். “உங்க அம்மாவா? அவங்களைச் சாட்சியாக் கூப்பிடலாமா?”

“எங்கம்மா செத்துப்போச்சு. நாஞ் சொன்னது அரியநாச்சி ஆத்தாளை.”

“சாமி வந்து பானையைப் பிடிச்சதுன்னு பதிவு பண்ணிக்கலாம்ங்க” என்றார் பிரபு நீதிபதியிடம். சிரிப்பு இன்னும் கொஞ்சம் பெரிதானது.

பூமயில் பொய் சொல்லவில்லை. சரிகிற நேரத்தில் தாங்க வருகிற கை சாமி கைதான் என்று அவள் மெய்யாகவே நம்பினாள். ஆனால் அந்த நம்பிக்கைக்குக் கோர்ட்டில் சாட்சியம் என்று நம்பர் போட மாட்டார்கள்.

வெளியே வந்ததும் ஹமீது சுல்தான் கறுப்பு அங்கியைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு டீ வாங்கிக் கொடுத்தார். கோபப்படவில்லை.

“தங்கச்சி, எங்க புதுமடத்துல எங்க உம்மா ஒண்ணு சொல்லும். மறைக்கிறவுக எல்லாம் கள்ளன் இல்ல, சில பேரு அடுத்தவுக மானத்தைப் போத்தி வச்சிருப்பாகன்னு. நீ யாரையோ மறைக்கிறே.”

பூமயில் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான் கேக்கலை. ஆனா அந்த ஆளுக்கு இந்தச் சேதி தெரியுமா? தெரிஞ்சா என்ன செய்யணும்னு அவுக முடிவு பண்ணட்டுமே. அதையும் நீயே முடிவு பண்ணிட்டா எப்படி?”

“வேணாம் வக்கீலய்யா.”

“சரி. அல்லா இருக்கான்” என்றார் அவர். “டீ ஆறுது, குடி. இடது கையால குடி, யாரும் பாக்கலை.”

அடுத்த வாய்தாவுக்கு அவள் போனபோது, வராண்டா பெஞ்சில் வக்கீலுக்குப் பக்கத்தில் பஞ்சம்மாள் உட்கார்ந்திருந்தாள். வெளுத்த நீலச் சேலை, காலில் கருவேல முள் குத்திய பழைய தழும்புகள், கையில் ஒரு மஞ்சள்பை.

பூமயில் ஓடிப்போய் அவள் முன்னால் நின்றாள். “மதினி, நீ எதுக்கு இங்கன வந்தே? எந்திரி. வீட்டுக்குப் போ.”

“பஸ்ஸுக்குக் காசு குடுத்து வந்திருக்கேன். சும்மா போகச் சொல்றியா?”

“யாரு சொன்னா உனக்கு?”

“உம் மகதேன். முள்ளு வெட்டுற எடத்துல, ‘எங்கம்மா கோர்ட்டுல சாமி கைன்னு சொல்லிருச்சு அத்தை, எல்லாரும் சிரிச்சாக’ன்னு அழுதா. வெவரம் தெரிஞ்சு அழுதாளோ, தெரியாம அழுதாளோ. எனக்குத் தெரிஞ்சு போச்சு.” பஞ்சம்மாள் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இந்தக் கையைப் போயி ஆத்தா கைங்கிறே. கரி அள்ளுற கை. ஆத்தா கோவிச்சுக்கிற மாட்டாளா?”

“ஊருக்குத் தெரிஞ்சா உன்னைய…”

“ஏய், என்னமோ இப்ப என்னையத் தட்டுல வச்சுத் தாங்குறாக பாரு. இருக்கிறதுல இருந்து என்னத்தைப் பிடுங்கப் போறாக?”

நீதிமன்ற ஊழியர் பெயர் கூப்பிட்டார். பஞ்சம்மாள் மஞ்சள்பையைப் பூமயில் மடியில் போட்டுவிட்டு எழுந்து போனாள்.

“புருசன் பேரு?”

“கூத்தையா. தவறி நாலு வருசமாச்சுங்க.”

ஹமீது சுல்தான் படத்தைக் காட்டினார். “இதுல பானையைப் பிடிச்சிருக்கிற வலது கை யாரோடது?”

“என்னோடதுங்க.”

பிரபு எழுந்தார். “நீங்க இவங்களுக்குச் சொந்தக்காரங்க. இழப்பீட்டுல பங்கு கிடைக்கும்னு பொய்ச் சாட்சி சொல்ல வந்திருக்கீங்கன்னு சொல்றேன்.”

“இந்தச் சாட்சி சொன்னா எனக்குக் கெடைக்கிறது என்னன்னு எங்க ஊருல வந்து பாருங்கய்யா.” பஞ்சம்மாள் பிரபுவை நேராகப் பார்த்தாள். “நான் தாலியறுத்தவ. அந்தப் பாரியை நான் தொடவே கூடாது. தொட்டுட்டேன். அதுக்கப்புறம் மழை பேஞ்சு மொளகா அழுகிப்போச்சு. ஊரே எவ தொட்டான்னு தேடுது. நாந்தேன்னு நானே வந்து சொல்றேன். எவளாவது காசுக்கு இதைச் சொல்லுவாளா?”

“உங்க கைதான்னு என்ன அடையாளம்?”

“படத்தைப் பாருங்க. அவ இடது கையில முழங்கை வரைக்கும் பச்சை வளவி. பாரியைப் பிடிச்ச அந்த வலது கையில ஒண்ணாவது இருக்கா? ஒரு கைக்கு வளவி போட்டுக்கிட்டு ஒரு கையை மொட்டையா விட்டு எந்தச் சுமங்கலியாச்சும் ஆத்தாளுக்குப் பாரி தூக்குவாளா? அமங்கலமில்ல?”

“அடிபட்ட கை. வளையல் போட முடியாம விட்டிருக்கலாம்.”

“அந்தக் கைக்கும் அன்னைக்கு அவ மகதேன் போட்டுவிட்டா. முந்தானைக்குள்ள கெடந்துச்சு. சரி, அதை விடுங்க.” பஞ்சம்மாள் சாட்சிக் கூண்டின் கம்பிமேல் வலது கையை நீட்டினாள். மணிக்கட்டுக்கு மேலே, கட்டைவிரல் பக்கமாக, பிறை மாதிரி வெந்து சுருங்கிய ஒரு தழும்பு. “கரிமூட்டம் பிரிக்கிறப்ப நெருப்பு விழுந்தது. எனக்குக் கல்யாணமான வருசம்.”

நீதிபதியம்மா படத்தை வாங்கிக் கண்ணாடிக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். படத்திலும் அதே இடத்தில் அந்தப் பிறை தெரிந்தது. பிறகு பூமயிலைக் கூப்பிட்டு, அவள் வலது கையைக் காட்டச் சொன்னார். பூமயில் தூக்க முடியாமல் இடது கையால் வலது கையைத் தூக்கி மேசைமேல் வைத்தாள், ஒரு குழந்தையைத் தூக்கிக் காட்டுவது மாதிரி. அந்த மணிக்கட்டில் தழும்பு ஏதும் இல்லை. சிவப்பு வளையல்கள் மட்டும் இருந்தன.

அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. பிரபு, “மேற்கொண்டு கேள்வி இல்லைங்க” என்று உட்கார்ந்தார். வெளியே போகும்போது அவர் பஞ்சம்மாளுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றதைப் பூமயில் பார்த்தாள். அவர் பிழைப்பு அது. மனசு வேறாக இருக்கலாம்.

ஆடி மாதம் தீர்ப்பு வந்தது. டாக்டர்கள் சொன்ன ஊனத்தை நீதிபதி அப்படியே ஒப்புக்கொண்டிருந்தார். கவி பெட்டியைத் திறந்து யூனிபாரத்தை எடுத்தாள். மடிப்பு வரிகள் துணியில் அழுந்திப் போயிருந்தன. இடுப்பு கொஞ்சம் பெரிதாகவும் இருந்தது. காட்டு வேலையில் பிள்ளை இளைத்திருந்தாள். ஊசியும் நூலும் கொண்டுபோய் பஞ்சம்மாளிடம்தான் பிடித்துத் தைத்து வாங்கி வந்தாள்.

சேதி அதற்குள் ஊருக்கு வந்துவிட்டது. அமுதவள்ளி சத்தம் போடவில்லை. கொடுமையான மனுசியும் இல்லை, பயந்தவள். “பஞ்சம்மா, கோவிச்சுக்கிறாத. இந்த வருசம் பாரி வீட்டுப் பக்கம், ஊர்வலத்துப் பக்கம் வராத தாயி. சனங்க மனசு சரியில்ல” என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனாள். பூமயில் சண்டைக்குக் கிளம்பினாள். பஞ்சம்மாள் முந்தானையைப் பிடித்து நிறுத்தினாள்.

“விடுடி. நான் என்ன புதுசாவா ஒதுங்கி நிக்கிறேன்? கூத்தையா இருக்கிறப்ப ஒம்பது வருசம் பாரி தூக்குனவ நான். தலைக்கு அந்தக் கனம் நெனவு இருக்கு. போதும்.”

அந்த வார்த்தை பூமயிலுக்குள் தங்கிவிட்டது.

ஆவணியில் அமுதவள்ளி வீட்டில் பாரி போட்ட அதே செவ்வாய்க்கிழமை, பூமயில் தன் வீட்டில் மிளகாய்ச் சாக்குகளுக்குப் பின்னால் இருந்த இருட்டு மூலையில் ஒரு சின்ன மண்பானையை வைத்தாள். வைக்கோலைப் பரப்பி, ஆட்டுப் புழுக்கையைப் பொடித்துப் போட்டு, ஊறவைத்த மொச்சையும் தட்டாம்பயறும் பாசிப்பயறும் தூவினாள். எல்லாம் ஒற்றைக் கையால். தினமும் குளித்துவிட்டுத் தண்ணீர் தெளித்தாள். கவி பள்ளிக்கூடம் போன பிறகு, ராக்கப்பன் காட்டுக்குப் போன பிறகு. வெளிச்சம் படாமல் பயிர் வெளிர் மஞ்சளாக மேலே வந்தது.

ஊர்ப் பாரி கரைத்த மறுநாள் உச்சி வெயிலில், திருவிழா அலுப்பில் ஊரே படுத்துக் கிடந்தது. பூமயில் பானையை இடது இடுப்பில் வைத்து முந்தானையால் மூடிக்கொண்டு, கருவேலங்காட்டு ஒற்றையடிப் பாதையில் போனாள். பஞ்சம்மாள் வெட்டிய விறகைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

“என்னடி இது, இடுப்புல?”

பூமயில் முந்தானையை விலக்கினாள்.

பஞ்சம்மாள் அரிவாளைக் கீழே போட்டாள். கையைச் சேலையில் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“ஆத்தா ஏத்துக்கிருவாளாடி?”

“உன் கை பட்ட பாரியை ஏத்துக்கிட்டவதானே. குனி மதினி.”

பஞ்சம்மாள் தலைத்துணியைச் சும்மாடாகச் சுருட்டி வைத்துக் குனிந்தாள். பூமயில் இடது கையால் தூக்க, பஞ்சம்மாள் இரண்டு கையாலும் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள். காட்டு வழியாக ஊரணியின் பின்கரைக்கு நடந்தார்கள். கொட்டு இல்லை, குலவை இல்லை. காய்ந்த கருவேல நெற்றுகள் காலடியில் நொறுங்கின. பூமயில் பின்னாலேயே நடந்து, இடது கையை நீட்டிப் பானையைப் பிடித்துக்கொண்டாள்.

“கையை எடுடி கிறுக்கி. எனக்குத்தேன் ரெண்டு கை இருக்கே.”

“இருக்கட்டும். நட. திரும்பிப் பாக்காம நட.”

கரையில் மேய்ந்த இரண்டு ஆடுகள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டன. தண்ணீர் முழங்காலைத் தொடும் வரைக்கும் பூமயில் கையை எடுக்கவில்லை.